எத்தனை டன் போடலாம்? – குளிர்சாதனக் கட்டடங்களின் கதை

"சார், உங்க லைன்லயே ஏதாவது எழுதுங்க. ஆனா இப்ப படிக்கிற பசங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். என் லைன் குளிர்சாதனம். நம் சங்கத்து நண்பர்களில் பலர் இன்று ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், நர்ஸிங் ஹோம், ஆபீஸ் காம்ப்ளெக்ஸ் என்று ஏதோ ஒரு கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள். அல்லது அதைக் கட்டிக் கொடுப்பவர்கள். ஆண்டு விழாப் பந்தியில் இலை போட்டதும் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நம்ம இடத்துக்கு எத்தனை டன் ஏ.ஸி. போடலாம்?" என்பதுதான்.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லும் கான்ட்ராக்டர்கள் உண்டு. நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்று வாயாலேயே கணக்குப் போட்டு, மாலைக்குள் கொட்டேஷனும் அனுப்பிவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கட்டடம் பட்டுத் தெரிந்துகொண்டது. சில இடங்களில் உயிர்களே போயிருக்கின்றன. அந்தக் கதைகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த 'டன்' எங்கிருந்து வந்தது? ஏ.ஸி. பெட்டியின் எடை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு! அது ஐஸ் கட்டியின் எடை. இரண்டாயிரம் பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுதான் ஒரு டன். நம் கணக்கில் ஏறத்தாழ 3.5 கிலோவாட். இயந்திரம் வருவதற்கு முன்பு குளிர்ச்சி என்றாலே ஐஸ்தான் என்பதால், இயந்திரத்தையும் அதே தராசில் நிறுத்துவிட்டார்கள்.

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அந்த வட்ட வடிவக் கட்டடம் 1842-இல் கட்டப்பட்டது இந்த ஐஸை வைத்துக்கொள்ளத்தான். பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், பனிக்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளை ரம்பத்தால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்புவார். சுமார் நான்கு மாதப் பயணம். 1833-இல் கல்கத்தாவுக்கு வந்த முதல் கப்பலில் ஏற்றியது 180 டன். இறங்கியது 100 டன் அளவு. வழியில் அத்தனை உருகியும் லாபம் கிடைத்தது என்றால் நம் வெயிலின் மகிமையைப் பாருங்கள்! கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் கிடங்குகள் மறைந்துவிட்டன. சென்னையில் இருப்பது மட்டும் மிஞ்சியது. பஸ் கண்டக்டர்களுக்கு அந்த இடம் இன்றும் "ஐஸ் ஹவுஸ்"தான்.

இயந்திரக் குளிர்ச்சியின் கதை வேறு ஊரில் தொடங்குகிறது. ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்ற டாக்டர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்று முயன்று, 1851-இல் ஐஸ் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வியாபாரம் ஓடவில்லை, மனிதர் நொடித்துப்போய் 1855-இல் இறந்தார். ஏ.ஸி.யின் தந்தை என்று நாம் பரீட்சையில் எழுதும் வில்லிஸ் கேரியர் வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1902-ஆம் வருடம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். கலர் அச்சு வேலை. ஒரே காகிதம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை மிஷினில் ஏறி இறங்க வேண்டும். கோடைக்காலத்தில் காற்றில் ஈரம் கூடினால் காகிதம் நீளும், குறைந்தால் சுருங்கும். மஞ்சள் விழுந்த இடத்தில் சிவப்பு விழாது. முகம் ஓர் இடத்திலும் உதட்டுச் சாயம் வேறு இடத்திலும்! இதைச் சரிசெய்யும் பொறுப்பு, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி ஒரு வருடமே ஆகியிருந்த 25 வயது கேரியரிடம் வந்தது. அவர் குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஓடவிட்டார். காற்றில் இருந்த ஈரம் குழாய்களின் மேல் தண்ணீராகப் படிந்து இறங்கியது. எத்தனை டிகிரியில் குழாயை வைத்தால் எவ்வளவு ஈரம் மிஞ்சும் என்பதைக் கணக்காகப் போட்டதுதான் அவருடைய சாதனை. அந்த அமைப்பின் சக்தி ஒரு நாளைக்கு 1,08,000 பவுண்டு ஐஸ் உருகுவதற்குச் சமம். இரண்டாயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள் தம்பிகளே: 54 டன்.

அந்த அச்சகம் வேண்டியது ஈரத்தை ஒரே அளவில் நிறுத்துவதை. மனிதர்களுக்கு ஜில்லென்று இருந்தது உபரி லாபம். 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லும் 1906-இல் நூல் மில்களோடு தொடர்புள்ள ஸ்டூவர்ட் கிரேமர் என்பவர் சொன்னது. பஞ்சும் நூலும் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றுக்கு ஈரம் சேர்ப்பது அவருக்கு இருந்த கவலை. கோயம்புத்தூர் மில்களில் வேலை பார்த்த நம் நண்பர்களுக்கு ஹ்யூமிடிஃபிகேஷன் பிளாண்ட் என்றால் விளக்க வேண்டியதில்லை. கேரியர் 1911-இல் பொறியாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரையின் வழித்தோன்றல்தான் நாம் எல்லோரும் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு கோடு இழுத்த சைக்ரோமெட்ரிக் சார்ட்.

இதில் இன்றைய கடைக்காரருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. கடலோர ஊர்களில் நம் எதிரி பாதி வெயில், பாதி ஈரம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று தேவைக்கு ஒன்றரை மடங்கு டன் போட்டுவிட்டால், சாதாரண ஒற்றை வேக மிஷின் ஐந்து நிமிடத்தில் அறையைக் குளிர்வித்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திக்கொள்ளும். காயில் குளிர்ந்து ஈரத்தை இழுக்க அவகாசமே இல்லை. "ஏ.ஸி. ஜில்லுன்னுதான் சார் இருக்கு, ஆனா உடம்பு பிசுபிசுங்குது, சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்குது" என்று புகார் வரும் இடங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்கு மருந்தாக இன்னொரு ஏ.ஸி. மாட்டுவார்கள், நோய் கூடும்.

கூட்டத்தின் கணக்கை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவை கடைகளும் தியேட்டர்களும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜே.எல். ஹட்சன் என்ற பெரிய பல்பொருள் அங்காடி. அதன் அடித்தளத்தில் தள்ளுபடி விற்பனை நடக்கும் நாட்களில் கூட்டத்தின் சூட்டிலேயே ஜனங்கள் மயக்கம் போட்டு விழுவார்களாம். (தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு தி.நகரில் நின்றவர்கள் இதை நம்புவார்கள்.) 1924-இல் அங்கே 195 டன் மிஷின்கள் மூன்று வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். நடமாடுகிறவர் அதைவிட அதிகம். ஐந்நூறு பேர் என்றால் 50 கிலோவாட், அதாவது ஆட்களுக்கு மட்டுமே 14 டன். சதுர அடிக் கணக்கு இதை அறியாது. அதே ஆயிரம் சதுர அடியில் பத்து கம்ப்யூட்டர் வைத்த ஆபீஸும் இருக்கலாம், நூறு பேர் உட்காரும் ஹோட்டலும் இருக்கலாம்.

தியேட்டர்காரர்கள் பட்ட பாடு இன்னும் வேடிக்கை. ஆரம்பத்தில் குளிர்காலத்துக்குப் போட்டிருந்த தரைத் துவாரங்கள் வழியாகவே குளிர்ந்த காற்றையும் விட்டார்கள். குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாது. கால் விறைத்துப்போக, தலை வேர்க்க ஜனங்கள் படம் பார்த்தார்கள். பிறகு கூரையிலிருந்து விட்டுத் தரை வழியாக இழுத்துக்கொள்ளும் முறை வந்தது. 1925-இல் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் கேரியரின் மிஷின் ஓடத் தொடங்கிய நாளன்று, பெண்கள் வழக்கம்போலக் கை விசிறியோடு வந்து, சற்று நேரத்தில் ஒவ்வொருவராக அதை மடியில் வைத்துவிட்டார்களாம். காற்று எங்கே விடப்படுகிறது, எங்கே திரும்பப் போகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுப் பார்க்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

1928-இல் டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 21 மாடி மிலம் கட்டடம் எழுந்தது. கட்டும்போதே முழுவதும் குளிர்சாதன வசதியோடு கட்டப்பட்ட அமெரிக்காவின் முதல் உயரமான ஆபீஸ் கட்டடம் அது. டக்ட் போக வழி, மிஷின் வைக்க இடம், குழாய் இறங்கத் தடம் எல்லாம் பிளானிலேயே வந்துவிட்டன. நம் ஊரில் கட்டி முடித்துப் பெயின்ட் அடித்த பிறகு ஏ.ஸி.காரரைக் கூப்பிடுகிறோம். அவர் பீமைக் குடைகிறார். பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

இனி நான் சொல்லப் போவது கடை அல்ல, வீடற்றவர்களுக்கான ஒரு விடுதி. ஆனாலும் கண்ணாடி முகப்பு கேட்கும் ஒவ்வொரு கட்டடச் சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. பாரிஸில் இரட்சணிய சேனைக்காக லெ கொர்புசியே வடிவமைத்து 1933 டிசம்பரில் திறந்த கட்டடம். பிற்பாடு சண்டிகர் நகரத்தை அமைத்தாரே, அவரேதான். தெற்குப் பார்த்த ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர் கண்ணாடிச் சுவர்; திறக்கக்கூடிய ஜன்னல் கிடையாது. உள்ளே இயந்திரம் காற்றை அனுப்பும், குளிர்விக்கும் என்பது திட்டம். இரட்டைக் கண்ணாடி போட்டு நடுவிலும் காற்று விடுவதாக யோசனை. பணம் போதவில்லை. இரட்டைக் கண்ணாடியும் குளிர்விக்கும் மிஷினும் வெட்டப்பட்டன. மூடிய கண்ணாடிச் சுவர் மட்டும் அப்படியே கட்டப்பட்டது!

திறப்பு விழா டிசம்பரில் என்பதால் எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த கோடையில் உள்ளே இருக்க முடியவில்லை. வீடில்லாமல் வந்து அடைக்கலம் புகுந்தவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வெந்தார்கள். ஜன்னல் வையுங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, கட்டடக் கலைஞர் மறுத்து வாதாடினார். கடைசியில் ஜன்னல் வந்தது. உலகப் போருக்குப் பிறகு பழுது பார்த்தபோது கண்ணாடிக்கு வெளியே வெயில் மறைக்கும் தடுப்புகளும் வந்தன. அதே மனிதர் 1950களில் சண்டிகரில் உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் கட்டும்போது, ஆழமான கான்கிரீட் மறைப்புகளை முகப்பிலேயே வைத்துத்தான் கட்டினார்.

கண்ணாடிக்குள் நுழைந்துவிட்ட வெயிலை மின்சாரம் கொடுத்துத்தான் வெளியேற்ற வேண்டும். வெளியிலேயே மறித்துவிட்டால் செலவு ஒரு தடவையோடு போயிற்று. நம் பழைய கச்சேரிக் கட்டடங்களிலும் பங்களாக்களிலும் சுற்றிலும் தாழ்வாரம் ஓடியது இதற்காகத்தான். அப்படிப்பட்ட கட்டடத்தை வாங்கி, தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைத்து, "கார்ப்பெட் ஏரியா கூடிடுச்சு" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் பிறகு டன் கணக்கு கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. மேற்குச் சுவருக்கு நிழல், மொட்டை மாடிக்கு வெப்பத் தடுப்பு, இடுக்குகளை அடைப்பது — இவற்றைச் செய்த பிறகு கணக்குப் போட்டால் டன் குறையும். கரன்ட் பில்லும் மாதா மாதம் குறையும். டன்னுக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரம் என்று வைத்துக்கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

காற்றைப் பற்றிய கதை சோகமானது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. வெளிக்காற்றை உள்ளே இழுத்துக் குளிர்விக்க (குளிர் நாடுகளில் சூடாக்க) எரிபொருள் செலவாகிறது அல்லவா? அதைக் குறைத்தார்கள். 1981-இல் வெளியான அமெரிக்கத் தர அளவின்படி ஆபீஸில் ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றாயிற்று. ஜன்னல் திறக்காத கட்டடங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். 'நோயாளிக் கட்டடம்' என்று கட்டடத்துக்கே வியாதிப் பெயர் வைத்தார்கள். 1989-இல் தர அளவைத் திருத்தி, ஆபீஸுக்கு 20 கன அடி ஆக்கினார்கள். நான்கு மடங்கு!

இது பழங்கதை என்று ஒதுக்க முடியவில்லை. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்ஜோ நகரில், ஜன்னலில்லாத ஓர் உணவக மாடியில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேஜைகளில் சாப்பிட்டன. ஒருவருக்குக் கொரோனா. ஏ.ஸி. அந்த மூன்று மேஜைகளுக்கு இடையே அதே காற்றைச் சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. வெளிக்காற்று மிகக் குறைவு. பத்துப் பேருக்கு நோய் கண்டது. சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிலிட் ஏ.ஸி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. கோச்சிங் சென்டர், கிளினிக், சின்ன ஹோட்டல் எல்லாம் இன்று ஸ்பிலிட்டில்தான் ஓடுகின்றன. கான்ட்ராக்டரிடம் "ஃப்ரெஷ் ஏர் எங்கேர்ந்து வருது?" என்று கேளுங்கள். அவர் ஏ.ஸி.யையே கை காட்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெரிய கட்டடம் என்றால் மொட்டை மாடியில் கூலிங் டவர் வரும். 1976 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் பெல்லெவ்யூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற பழம்பெரும் ஹோட்டலில் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மாநாடு நான்கு நாள் நடந்தது. நம்மைப்போலவே பழைய நண்பர்களைப் பார்க்க வந்தவர்கள். வீட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் காய்ச்சல், நிமோனியா, சாவு என்று செய்தி வந்தது. மாநாட்டுக்கு வந்தவர்களில் 182 பேர் நோயுற்று 29 பேர் இறந்தார்கள். ஹோட்டலுக்குள் காலே வைக்காமல் அந்தத் தெருவில் நடந்துபோனவர்களிலும் சிலர் விழுந்தார்கள். எல்லாம் சேர்த்து 34 சாவு. விஷமா, சதியா என்று நாடே பதறியது. விருந்தாளிகள் வராமல் நவம்பரில் ஹோட்டல் மூடப்பட்டது. டிசம்பர் கடைசியில்தான் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி கிருமியைக் கண்டார். லீஜியோனெல்லா என்று அதற்குப் பெயர் வந்தது. ஏ.ஸி.யின் கூலிங் டவரிலிருந்து நீர்த்துளிப் பனியாகப் பரவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கூலிங் டவர் என்பது வெதுவெதுப்பான தண்ணீரைக் காற்றில் தெளிக்கும் சாதனம். கவனிக்காமல் விட்டால் அது கிருமிக்குத் தொட்டில். 2015-இலும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு கூலிங் டவரால் 138 பேர் நோயுற்று 16 பேர் இறந்தார்கள். ஆகவே டவரை நிறுத்தும் முன்பு மூன்று விஷயங்களைத் தீர்மானித்தாக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும்? (கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இது சின்னக் கேள்வி இல்லை.) யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவி மருந்து போடுவார்? டவரின் சாரல் யாருடைய ஜன்னலுக்குள், எந்த ஃப்ரெஷ் ஏர் வாய்க்குள் போகும்? இந்தத் தொந்தரவே வேண்டாம் என்றால் காற்றால் குளிரும் மிஷின் இருக்கிறது. மின்சாரம் கூடுதலாக இழுக்கும்.

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் 85 பேர் இறந்தார்கள். நெருப்பு பிடித்தது கீழ்த்தளத்தில். செத்தவர்களில் பெரும்பாலோர் மேல் மாடிகளில், புகையால். படிக்கட்டு, லிஃப்ட் குழி வழியாகவும், காற்று அனுப்பும் அமைப்பின் வழியாகவும் புகை ஏறியிருந்தது. டக்ட் சுவரைத் தாண்டும் இடத்தில் தானே மூடிக்கொள்ளும் ஃபயர் டேம்பர் வேண்டும். மணி அடித்ததும் ப்ளோயர் நிற்க வேண்டும். பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த டேம்பர்தான், வெட்டச் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக வாயு. ஆரம்ப மிஷின்களில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று எல்லாமே ஆளைக் கொல்லக்கூடியவை. 1930-இல் தாமஸ் மிட்ஜ்லி ஒரு விஞ்ஞானக் கூட்டத்தில் ஃப்ரியானை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார்: விஷமும் இல்லை, பற்றவும் பற்றாது. அதை நம்பி உலகமே குளிர்ந்தது. 1974-இல் மொலினாவும் ரோலண்டும் இந்த வகை வாயு ஓஸோன் படலத்தை அழிக்கிறது என்றார்கள். 1987-இல் மான்ட்ரியால் ஒப்பந்தம். அதற்கு மாற்றாக வந்த வாயுக்கள் பூமியைச் சூடாக்குகின்றன என்று 2016-இல் கிகாலி திருத்தம். இந்தியா 2021-இல் அதை ஏற்றது. நம் அட்டவணைப்படி 2028-இல் அளவு உறைகிறது, 2032 முதல் படிப்படியாகக் குறைகிறது. இன்று நீங்கள் வாங்கும் பெரிய மிஷின் பதினைந்து, இருபது வருடம் ஓட வேண்டியது. கசிந்தால் நிரப்ப அந்த வாயு அப்போது கிடைக்குமா, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். கொட்டேஷனில் கம்ப்ரசர் பெயர் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். வாயுவின் பெயர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் திருப்புங்கள்.